வீட்டுக்குக் கூட்டிப் போங்க என்றீர்கள்

"இன்னேனூ மாடோக்காகல்ல. மனெகெ கர்க்கொண்டு ஹோகி."

இதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை, டாக்டர். என் மகனிடம் சொன்னீர்கள். நான் மூன்றடி தள்ளி வீல் சேரில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. என் காதில் ஒரு குறையும் கிடையாது. பெங்களூரிலேயே பிறந்து எழுபத்திரண்டு வருஷம் இங்கேயே குப்பை கொட்டினவளுக்குக் கன்னடம் புரியாதென்று நினைத்தீர்களா? இல்லை, கிழவிக்கு எதுவுமே புரியாதென்று நினைத்தீர்களா? இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்க. சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்த மகன், "ரிப்போர்ட் பரவாயில்லையாம்மா. வீட்டுலயே ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வீல் சேரின் பிரேக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னான். நான் பெற்ற பிள்ளை. எட்டு வயதில் ஜாமெண்ட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்து பொய் சொன்னபோதும் இப்படித்தான் குனிந்தான். அவனுக்காக, நம்பினது மாதிரி தலையாட்டினேன். என் உடம்பு, என் சாவு. அதை என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. என் பிள்ளையைப் பொய்யனாக்கி என்னோடு வீட்டுக்கு அனுப்பினீர்கள். அது 2025 ஜனவரி. அன்றிலிருந்து எட்டு மாதம் நான் பட்டது என்னவென்று இப்போது சொல்கிறேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை. படுத்துக்கொண்டு, பேரனின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். கோடு கோணலாகத்தான் போகும்.

நான் தூரவாணி நகர் டெலிபோன் ஃபாக்டரியில் 1974-ல் சேர்ந்தவள். சுதந்திரம் வாங்கின மறுவருஷம், 1948-ல் ஆரம்பித்த ஃபாக்டரி அது. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில், ஆபீஸ்களில் மணியடித்த கறுப்பு டயல் போன்கள் அங்கே செய்தவை. தலைமுடி கனத்துக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலை எனக்கு. பெஞ்சில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்போம். சங்கு ஊதினால் டீ, சங்கு ஊதினால் சாப்பாடு. கை நடுங்கினால் வேலை கெட்டுவிடும். முப்பத்தேழு வருஷம் என் கை நடுங்கினதில்லை. அந்த விரல்களால் இன்றைக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளைக் கிழிக்க முடியவில்லை.

2019-ல் இடது மார்பில் கட்டி. எடுத்தார்கள். கீமோ ஏற்றினார்கள். முடி கொட்டி முளைத்தது. ஐந்து வருஷம் மாத்திரை போட்டுக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போய், பேரனை ஸ்கூலில் விட்டு, நன்றாகத்தான் இருந்தேன். 2024 ஆடியில் இடுப்பு வலி ஆரம்பித்தது. "வயசாச்சில்ல அஜ்ஜி, கால்சியம் குறைச்சல்" என்று மூன்று மாதம் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். மார்பில் புற்றுநோய் வந்து போனவள் எலும்பு வலிக்கிறதென்று வந்தால் முதலில் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று படித்தவர்களுக்கு நானா சொல்ல வேண்டும்? கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது முதுகுத்தண்டு, வலது இடுப்பு, விலா எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. பத்து நாள் ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள். அதில் முதுகு கொஞ்சம் தணிந்தது. இடுப்பு தணியவில்லை.

எலும்புக்குள் இருக்கும் வலி எப்படி இருக்கும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்ல முடியும். சால்டரிங் அயர்ன் தவறுதலாக விரலில் படும். சுரீரென்று கையை எடுத்துவிடுவோம். இங்கே எடுக்க முடியாது. அயர்ன் எலும்புக்கு உள்ளே இருக்கிறது, யாரோ ஸ்விட்சை அணைக்காமல் போய்விட்டார்கள். ராமமூர்த்தி நகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் உங்கள் ஆஸ்பத்திரிக்கு எத்தனை ஹம்ப் என்று எனக்கு மனப்பாடம். நாற்பத்தொன்று. குழிகளை எண்ண முடியாது, மழைக்கு மழை மாறும். டின் ஃபாக்டரி சிக்னலில் கார் நிற்கும்போது ஒரு நிம்மதி. கிளம்பப் போகிறதென்றால் வயிற்றைக் கலக்கும். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு ஹம்ப்புக்கும் முன்னால் "அம்மா, ஹம்ப் பர்த்தா இதெ", வேகத்தடை வருகிறது என்று சொல்லிச் சொல்லி ஓட்டினார். அந்த மனுஷனுக்கு இருந்த கரிசனம் உங்களுக்கு இல்லையே, டாக்டர்.

வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கீழ் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை வைத்துத் தூக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தபோது நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அன்றைக்குப் பிறகு நான் கீழே இறங்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் என்ன கொடுத்தீர்கள்? ஒரு சீட்டு. பாராசிட்டமால், ட்ரமடால். "வலி வந்தா போடுங்க." வலி வந்தால் என்ன, அது எப்போது போனது வருவதற்கு? ட்ரமடால் போட்டால் தலை சுற்றும், இரண்டு மணி நேரம் மங்கலாக இருக்கும், மறுபடி அயர்ன் சூடேறும். போனில் கேட்டால், "அதுக்கு மேல குடுத்தா அடிக்ட் ஆயிடுவாங்க" என்று என் மகளிடம் சொன்னார்கள். எழுபத்திரண்டு வயதுக் கிழவி, எழுந்து நிற்க முடியாதவள், அடிக்ட் ஆகி எங்கே போகப் போகிறேன்?

அந்த மாத்திரை மலத்தைக் கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. கூடவே மலமிளக்கி எழுத வேண்டும் என்பது முதல் பாடமாம். எனக்கு எழுதவில்லை. எட்டு நாள் போகவில்லை. வயிறு பானை மாதிரி உப்பி, குமட்டி, ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை. எட்டாம் நாள் ராத்திரி என் மகள் மெடிக்கல் ஷாப்பில் கையுறை வாங்கி வந்து, தேங்காய் எண்ணெய் தடவி, என்னை இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, விரலால் எடுத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் முருகன் காலண்டர். "அம்மா, ஒண்ணும் இல்லம்மா, எனக்கு நீ பண்ணலையா" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். அழுதது அவளா நானா என்று தெரியவில்லை. ஒரு ஸ்பூன் மருந்தில் தீர வேண்டியது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதாத கைக்குத்தான் "ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சொல்லத் தெரிந்தது.

செய்வதற்கில்லையா? என் இடுப்புக்குக் கீழே புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். அதை யார் சொல்லிக் கொடுத்தீர்கள்? காற்று மெத்தை என்று ஒன்று இருக்கிறது, வாடகைக்குக் கிடைக்கும் என்று யார் சொன்னீர்கள்? வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும், பஞ்சை நனைத்துத் துடைக்கலாம். திடீரென்று கால் மரத்துப்போனாலோ மூத்திரம் நின்றாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஓடி வர வேண்டும். இவ்வளவையும் நாங்கள் பிறகு ஒவ்வொன்றாக வேறு ஆட்களிடம் தெரிந்துகொண்டோம். செய்வதற்கு ஒரு மலையே இருந்தது. அத்தனையையும் என் மகள் தலையில் இறக்கிவைத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டீர்கள்.

அவள் மகாதேவபுராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். முதலில் லீவு, பிறகு சம்பளமில்லாத லீவு, பிறகு வேலையே இல்லை. என்னைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு அவளுக்கு இப்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ராத்திரி நான் முனகினால் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துகொள்வாள். விளக்குப் போடமாட்டாள், நான் அவள் முகத்தைப் பார்த்துவிடுவேன் என்று. "வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று சொல்லும்போது வீடு என்று நீங்கள் சொன்னது இவளைத்தான். சுவரா என்னைப் பார்த்துக்கொள்ளப்போகிறது? எந்த வீட்டிலும் இப்படி ஒரு மகளோ மருமகளோ மனைவியோ இருப்பாள் என்ற தைரியத்தில்தானே அந்த வார்த்தை உங்கள் வாயில் இவ்வளவு சுலபமாக வருகிறது? அவளுக்குச் சம்பளம் யார் தருவது? அவள் தூங்குவதற்கு ஒரு ராத்திரி யார் வந்து உட்காருவது?

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ்காரர்கள் இருபத்துநாலு மணி நேரம் அட்மிட் ஆகியிருந்தால்தான் பணம் தருவார்கள். 2024 அக்டோபர் 29-ந் தேதி, 70 வயது தாண்டின எல்லோருக்கும் ஆயுஷ்மான் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை என்று டெல்லியில் தொடங்கிவைத்தார்கள். பேரன் வாசித்துக் காட்டினான். அதுவும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு. ஆஸ்பத்திரியோ என்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. டயப்பர், மெத்தை வாடகை, மருந்து, எல்லாம் என் சேமிப்பிலும் மகளின் நகையிலும் போகிறது. கட்டிலில் படுத்திருக்கிறேன், ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை, அதனால் நான் நோயாளி இல்லை.

எட்டு மாதம் கழித்து எனக்கு வழி காட்டியது யார் தெரியுமா? மாடிப்படி கூட்டுகிற பெண். "அம்மா, நான் வேலை செய்யற இன்னொரு வீட்டுல ஒரு அஜ்ஜி உங்கள மாதிரிதான். அவங்களுக்கு வாரம் ஒரு தடவ நர்ஸ் வராங்க, காசே வாங்கறதில்ல" என்றாள். நம்பர் வாங்கி வந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போர்டு வைத்திருந்தால், அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் அந்த நம்பரை எழுதியிருந்தால், எனக்கு எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஒரு தொண்டு அமைப்பிலிருந்து அந்த நர்ஸ் வந்தாள். மலையாளம் கலந்த தமிழ். பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகளிடம் பேசாமல் என்னைப் பார்த்து, "அம்மே, எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என்னிடம் யாரும் கேட்டதில்லை. "வலி பூஜ்யத்திலேர்ந்து பத்து வரைக்கும் எவ்வளவு?" என்றாள். "ஒன்பது. ராத்திரி பத்து" என்றேன். எழுதிக்கொண்டாள். என் வலியை ஒருத்தி எழுதிக்கொண்டாள் என்பதற்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டு நாளில் அவர்களுடைய டாக்டர் வந்தார். சின்னப் பெண், என் மகளைவிடச் சின்னவள். மார்ஃபின் எழுதினாள். பாதி மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடிகாரத்தைப் பார்த்து. ராத்திரி பத்து மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு, இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம். கூடவே மலமிளக்கி, கட்டாயம். "வலி வந்தப்புறம் துரத்தக் கூடாது பாட்டி, வரதுக்கு முன்னாடியே நிக்கணும்" என்றாள். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்ததாம்: வாய் வழியாக, கடிகாரப்படி, வலிக்கு ஏற்றபடி படி ஏற்றி. 1986-ல் நான் பெஞ்சில் உட்கார்ந்து சங்குச் சத்தத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்குப் புரிகிற பாஷை. சங்கு ஊதினால் மாத்திரை.

மூன்றாம் நாள் ராத்திரி தூங்கினேன். பால் பாக்கெட் போடுகிற பையனின் சைக்கிள் மணியில்தான் விழித்தேன். மகள் பாயில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளும் எத்தனை மாதமாயிற்றோ. இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் தூரத்தில், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிற மாதிரி. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். உடம்பெல்லாம் நடுங்குகிற ஆத்திரம். அப்படியென்றால் முடியும்! எட்டு மாதமும் முடிந்திருக்கும்! ஒரு டீ விலைக்குள் அடங்குகிற மாத்திரை, இதே ஊரில், இதே எட்டு மாதமும் இருந்திருக்கிறது. நான் கத்திய ராத்திரிகளில் எல்லாம் ஏதோ ஒரு அலமாரியில் அது பூட்டிக் கிடந்திருக்கிறது.

ஏன் பூட்டிக் கிடந்தது என்று பேரனிடம் கேட்டேன். போனில் தேடித் தேடி வாசித்தான். 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் போட்டார்கள். கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போட்ட சட்டம். மார்ஃபின் வைத்திருக்க நாலைந்து லைசென்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ், ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதி. எழுத்துப் பிழைக்கும் ஜெயில் என்று பயந்து மருந்துக் கடைகள் கைவிட்டன, ஆஸ்பத்திரிகள் கைவிட்டன. 1997-ல் இந்தியா முழுவதும் மருத்துவத்துக்குச் செலவான மார்ஃபின் 18 கிலோவாம். எங்கள் வீட்டு அரிசி மூட்டை அதைவிட கனம். இவ்வளவு பெரிய நாட்டின் அத்தனை வலிக்கும் 18 கிலோ. அந்த வருஷங்களில் டாக்டருக்குப் படித்தவர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பாஸாகி வந்தார்கள். அவர்கள்தான் இன்று சீனியர்கள், அவர்கள்தான் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி என்றால், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரு அனுமதி போதும் என்றார்கள். அதற்காக வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கும் டெல்லிக்கும் நடந்தவர்கள் இருக்கிறார்கள். கேரளத்து ராஜகோபால் டாக்டர் மாதிரி. சட்டம் மாறி இத்தனை வருஷம் ஆகியும் என்னைப் பார்த்த ஆஸ்பத்திரியில் "அதெல்லாம் நாங்க வைக்கறதில்ல" என்றார்கள். 2017-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு கணக்குப் போட்டது: இந்தியாவுக்கு எவ்வளவு வலி மருந்து தேவையோ அதில் 4 சதவீதம்தான் கிடைக்கிறது. நூறு பேரில் நாலு பேர் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். மீதித் தொண்ணூற்றாறு பேர் என்ன செய்கிறார்கள்? பல்லைக் கடிக்கிறார்கள். இந்த மருந்து எங்கிருந்தோ கப்பலில் வர வேண்டிய சரக்கா? மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிட வைக்கிறது. காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே ஃபாக்டரி வைத்திருக்கிறது. நம் மண்ணில் விளைந்த அபினைக் கப்பலேற்றி விற்கத் தெரிந்த தேசத்துக்கு, ராமமூர்த்தி நகர் இரண்டாவது மாடிக்கு அரை மாத்திரையை ஏற்றிவிட வழி தெரியவில்லை.

இந்த ஊரில் நல்லவர்களே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாரத்தஹள்ளி தாண்டி வர்த்தூர் ரோட்டில் கருணாஸ்ரயா இருக்கிறது. 1994-ல் அறக்கட்டளையாகத் தொடங்கி, 1999 முதல் கடைசிக் கட்டப் புற்றுநோய்க்காரர்களை ஒரு பைசா வாங்காமல் வைத்துப் பார்க்கிறார்கள், வீடுகளுக்கும் போகிறார்கள். என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற ஊரில் நாலு தர்மவான்கள் எத்தனை மாடிப்படி ஏறுவார்கள்? இது தர்மத்துக்கு விடுகிற காரியமா? அம்மை குத்துவதைத் தர்மத்துக்கு விட்டோமா? நான் முப்பத்தேழு வருஷம் வரி கட்டினவள். எனக்குப் பிச்சையாக வேண்டாம், பாத்தியதையாக வேண்டும்.

முடியாது என்று சொல்லாதீர்கள். என் மகன் ஓசூரில் இருக்கிறான். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அவன் மாமியாருக்கு பி.பி. மாத்திரை வாசலுக்கே வருகிறது; அந்தத் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வந்து பார்ப்பதும் சேர்த்தி. அங்கே குறையே இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வர வேண்டும் என்று ஒரு அரசாங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு தட்டப்படுகிறது, இந்தப் பக்கம் என் கதவை யாரும் தட்டவில்லை. கோழிக்கோட்டில் 1993-லேயே இரண்டு மூன்று டாக்டர்கள் தொடங்கி, ஊர்க்காரர்களே வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, பஞ்சாயத்து நர்ஸ் வைத்து, 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. அந்த மலையாளத்து நர்ஸ் சொன்னாள், அவள் ஊரில் படுக்கையில் கிடக்கும் பாட்டி வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூல் பிள்ளைகள்கூட வந்து பேசிவிட்டுப் போவார்களாம். இங்கே என்னைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஷிமோகா பக்கம் மரப்பட்டை கொடுக்கிறார்களாம் என்கிறார்கள். பப்பாளி இலையை அரைத்து வந்து நீட்டுகிறார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. டாக்டர் கைவிட்ட இடத்தில் அவர்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு வருகிறார்கள்.

என்னை வீட்டுக்கு அனுப்பின அதே மாதக் கடைசியில், ஜனவரி 30-ந் தேதி, கர்நாடக அரசு ஒரு உத்தரவு போட்டது. கௌரவமாக இறக்கும் உரிமை பற்றி. 2018 மார்ச் 9-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதை, 2023-ல் எளிதாக்கியதை, இங்கே நடைமுறைப்படுத்துகிறோம் என்று. குணமாக வழியில்லாதவருக்குக் குழாயும் மிஷினும் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், அதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். நல்ல உத்தரவு. நானும் எழுதிவைத்துவிட்டேன், என்னை ஐ.சி.யூ.வில் கட்டிப்போடாதீர்கள் என்று. ஆனால் என் நெஞ்சைத் தொட்டுக் கேட்கிறேன்: மிஷினை நிறுத்த உத்தரவு போட்ட கையால், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மார்ஃபின் இருக்க வேண்டும் என்று ஒரு உத்தரவைப் போட்டு, அது நடக்கிறதா என்று பார்க்க முடியாதா? எனக்குச் சாக இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை நான் இருக்கிறேனே, அந்த இருப்புக்குக் கௌரவம் வேண்டாமா?

செத்தாலும் விட்டதா? என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து, ஸ்ரீராமபுரத்தில் வீட்டிலேயே இருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போனாள். பேத்தி மடியில் தலை வைத்து, நிம்மதியாகத்தான் போனாள். எரிக்கிற இடத்தில் டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேட்டார்கள். கிளினிக் கிளினிக்காக அலைந்தார்கள். "நான் பார்த்த பேஷண்ட் இல்லையே" என்றார் ஒருவர். "வீட்டுல செத்தா நாங்க கையெழுத்துப் போடமாட்டோம்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் போலீஸ் என்று பேச்செடுத்தார். நான்கு வருஷமாக அவளுக்கு மருந்து கொடுத்த ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை ஆளில்லை. கடைசி நோயில் பார்த்த டாக்டர் கட்டணம் வாங்காமல் காரணச் சான்று தர வேண்டும் என்று 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தை யாரிடம் கொண்டு போய்க் காட்டுவது, பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு? மாலை நாலு மணி வரை ஐஸ் பெட்டியில் கிடந்தாள். அவள் மகன் துக்கத்தில் அழவில்லை, அவமானத்தில் அழுதான். நான் என் மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன், எந்த டாக்டர் வருவார், எந்த நம்பர், எந்த ஃபைல் என்று. சாகிறவள் போட்டுவைக்க வேண்டிய ஏற்பாடா இது?

வீட்டில் சாவதற்கு எனக்குப் பயமில்லை. வீட்டில்தான் சாக வேண்டும். இந்த ஜன்னலில் பக்கத்து வீட்டு முருங்கை தெரிகிறது. பேரன் ஸ்கூலிலிருந்து வந்து ஷூவைக் கழற்றி எறிகிற சத்தம் கேட்கிறது. குக்கர் விசில் கேட்கிறது. இவ்வளவும் எனக்கு வேண்டும். வீட்டுக்கு அனுப்பினதற்காக நான் உங்களைச் சபிக்கவில்லை, டாக்டர். வெறுங்கையோடு அனுப்பினதற்காகச் சபிக்கிறேன்.

இதை நான் என் ஒருத்திக்காக எழுதவில்லை. எனக்கு மாத்திரை வந்துவிட்டது. பின்தெருவில், எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே, ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது வயதிருக்கும். வாயில் புற்றுநோய். ஒரு பக்கக் கன்னத்தில் ஓட்டை விழுந்துவிட்டதாம், துணி கட்டியிருக்கிறார்கள். பகலில் சத்தமில்லை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஆரம்பிக்கும். வார்த்தை வராது, "அம்மா" மட்டும் வரும். அவர்கள் கன்னடக்காரர்கள், நாங்கள் தமிழர்கள். வலிக்கு இரண்டு பேருக்கும் அதே சொல்தான். என் தலைமாட்டு எவர்சில்வர் டப்பாவில் மார்ஃபின் அட்டை இருக்கிறது. அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கக் கூடாது. சட்டப்படி குற்றம், அளவு தெரியாமல் கொடுத்தால் ஆபத்தும்கூட, நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். டப்பாவைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். வலி என்னைவிட்டுப் போன பிறகு எனக்கு வந்த தண்டனை இது.

போன வாரம் மகளை அந்த வீட்டுக்கு அனுப்பினேன், நர்ஸ் நம்பரை ஒரு சீட்டில் எழுதி. பெரியவரின் மருமகள் கதவருகிலேயே நின்று வாங்கிக்கொண்டாளாம். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்ததாம். "டாக்டரு ஹேளிதாரெ, இன்னேனூ மாடோக்காகல்ல அந்த" என்றாளாம். இனி ஒன்றும் செய்வதற்கில்லையென்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

என் மகள் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, தன் போனிலிருந்து நர்ஸுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாளாம் அவள். இன்று புதன். மணி பத்து, மகள் இரட்டை மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்து வைத்துவிட்டாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் ஆரம்பித்துவிடுவார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு ராத்திரி இருக்கிறது.